அப்பாவின் இனிஷியலும் 8,400 ரூபாயும்

ஜூலை வந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் வருமான வரி சீசன். '80சி-யில் 1.5 லட்சம் கழிப்பது எப்படி', 'பழைய முறையா, புதிய முறையா', 'ரீஃபண்ட் ஏன் வரவில்லை' என்று நாளுக்கு ஒன்றாவது எழுதியாக வேண்டும். 2025 ஜூலையில் அப்படி ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்துக்கு ஏறினேன்.

மறுநாள் அம்மா, "பாப்பா, பேங்க்ல இந்தப் பாஸ்புக்கை மட்டும் என்ட்ரி போட்டுட்டு வந்துரு" என்றார். போட்டேன். திரும்பி வரும் வழியில் சும்மா புரட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 21,000 ரூபாய் வட்டி. அதற்குக் கீழேயே 2,100 ரூபாய் பிடித்தம். பக்கத்தில் டி.டி.எஸ்.

அப்பா இறந்த பிறகு வந்த இன்ஷூரன்ஸ் பணம் 12 லட்சத்தை, 2023 மார்ச்சில் 7 சதவிகித வட்டிக்கு அம்மா பெயரில் டெபாசிட் செய்திருந்தோம். வருடத்துக்கு 84,000 ரூபாய். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டாதவரிடம் வருடத்துக்கு 8,400 போயிருக்கிறது.

"ஏம்மா சொல்லல?"

"கவர்மென்ட்டு பிடிக்கிறதை நாம என்ன கேக்குறது? நீதான் வரி பத்தியெல்லாம் எழுதுறியே, உனக்குத் தெரியும்னுல நினைச்சேன்."

எனக்குத் தெரியும்தான். ஊருக்கெல்லாம் எழுதினேன், வீட்டுப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்ததில்லை. '12 லட்சம் வரை வரி இல்லையே, நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?' என்று கேட்கும் வாசகர்கள் அநேகம். வரி இல்லை என்பது வேறு, பிடித்த பணம் தானாகத் திரும்பி வரும் என்பது வேறு. ரிட்டர்ன் போட்டால்தான் வரும்.

அன்றே அம்மாவின் பான் எண்ணில் வருமான வரி இணையதளத்தில் கணக்குத் திறந்து 26ஏ.எஸ் படிவத்தைப் பார்த்தோம். பிடித்த தொகை எல்லாம் வரிசையாக இருந்தது. 2024-25 நிதியாண்டுக்கு ஐ.டி.ஆர்-1 போட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆதார் ஓ.டி.பி வந்ததும் அம்மாவே வாசித்துச் சொன்னார்.

சிக்கல் வங்கிக் கணக்கில் வந்தது. சரிபார்ப்பு முடிந்த கணக்குக்குத்தான் ரீஃபண்ட் போகும். அம்மாவின் கணக்கு சரிபார்ப்பில் தேறவில்லை, பெயர் பொருந்தவில்லையாம். ஆதாரும் பானும் பள்ளிச் சான்றிதழ்படி எடுத்தவை, தாத்தா பெயர் இருக்கும். வங்கிக் கணக்கு கல்யாணத்துக்குப் பிறகு திறந்தது, அப்பா இனிஷியல். நம் ஊரில் எத்தனை பெண்களுக்கு இந்த இரட்டை இனிஷியலோ!

வங்கியில் பானைக் காட்டிப் பெயரை மாற்றுவதுதான் சுலபம் என்றேன். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் பால் காய்ச்சிவிட்டு வந்தார்.

"அவரு பணம்தானே அது? அவரு பேரை எடுத்துட்டுத்தான் வாங்கணுமா?"

வேண்டாம், பானிலும் ஆதாரிலும் அப்பா பெயரைச் சேர்க்கலாம், ஆனால் நாளாகும் என்றேன். ரிட்டர்ன் பற்றி நூறு கட்டுரை எழுதியிருக்கிறேன், இந்தக் கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. மூன்று நாள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நான்காம் நாள் காலை அவரே பாஸ்புக், பான் கார்டு, கண்ணாடி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "8,400 ரூபாயை விட்டுட்டு வந்தேன்னா அவரே திட்டுவாரு."

பெயர் மாற்றம் எழுதிக்கொடுத்த கையோடு 15ஜி படிவமும் கொடுத்தோம். மொத்த வருமானத்துக்கு வரி வராது, வட்டியும் அடிப்படை வரிவிலக்கு வரம்பைத் தாண்டாது என்றால், 60 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இதைக் கொடுத்தால் வங்கி பிடிக்காது என்பதுதான் 2025-ல் இருந்த விதி. 60 தாண்டியவர்களுக்கு அப்போது 15எச். ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும், ஏப்ரலிலேயே கொடுத்துவிடுவது நல்லது. நாங்கள் கொடுத்தது ஜூலையில். ஜூன் காலாண்டுக்குப் பிடித்த 2,100-ஐ அடுத்த ரிட்டர்னில்தான் கேட்க வேண்டும்.

செப்டம்பரில் பணம் வந்தது. 8,400, அதற்கு மேல் இருநூற்றுச் சொச்சம் வட்டி. அம்மா மெசேஜை ஃபார்வர்டு செய்து, உடனே போனும் செய்தார். "முந்தின வருஷத்துது?"

அதுதான் பாக்கி. 2023-24-க்கான தாமத ரிட்டர்ன் கெடுவும் முடிந்துவிட்டது. அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கும்படி வருமான வரித் துறைக்கு விண்ணப்பிக்கலாம், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். விண்ணப்பத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்கிறார்கள். அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டேன். என்ன எழுத என்று அம்மாவையே கேட்டேன்.

"தெரியலைன்னு எழுது. நிஜந்தானே?"