ராமேஸ்வரம் போறீங்களா? கிழமை பார்த்துச் சாப்பிடுங்க!

ராமேஸ்வரத்துக்குப் புறப்படுகிறவர்கள் பொதுவாக அமாவாசை பார்ப்பார்கள். தை அமாவாசையா, ஆடி அமாவாசையா என்று காலண்டரைப் புரட்டி, அதற்கேற்ப ரயிலில் டிக்கெட் போடுவார்கள். மீன் சாப்பிடுவதற்காகவே அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது கிழமை.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போவதில்லை. திங்கள், புதன், சனி என வாரத்தில் மூன்று நாள் போகும். மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. ஒரே கடலில் இரண்டு தரப்பும் மோதிக்கொள்ளக் கூடாது என்று பல வருடங்களுக்கு முன் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் கூடை கூடையாக மீன் இறங்கும். அன்றைய மதியச் சாப்பாட்டில் அந்த வித்தியாசம் நாக்குக்கே தெரியும்.

வருடம் பிறக்கும்போது 'இந்த வருஷம் எங்கெங்கே போய்ச் சாப்பிடலாம்' என்று பட்டியல் போடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. மதுரை, திண்டுக்கல், காரைக்குடி எல்லாம் அதில் தவறாமல் இருக்கும். ராமநாதபுரம் கடற்கரை இருக்காது. ஊர் ஊராகக் கிளை பரப்பிய ஹோட்டல் பெயர் எதுவும் இங்கிருந்து போகவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இங்கே சாப்பாடு ஹோட்டல்காரர் கையில் மட்டும் இல்லை. காற்று, கடல், தடைக்காலம், எல்லையில் அன்றைக்கு என்ன நடந்தது என்பது வரைக்கும் எல்லாம் சேர்ந்துதான் இலையில் என்ன விழும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான இடைவெளி அது. சரியாக அந்த இரண்டு மாதத்தில்தான் பள்ளிக்கூட லீவும் வருகிறது. குடும்பத்தோடு கிளம்பிப் போய், 'என்னங்க, கடல் பக்கத்துலயே மீன் இவ்வளவு விலையா?' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். அப்போது கரைக்கு வருவது நாட்டுப்படகுகள் கொண்டு வருவது மட்டும்தான். அளவு குறைவு, விலை கூடுதல். லீவில்தான் போக முடியும் என்றால் வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், அன்றைக்கு வந்த சின்ன மீனைக் கேட்டு வாங்குங்கள். நஷ்டம் இருக்காது.

பாலம் தாண்டும் முன்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். வழியில் உச்சிப்புளி, மண்டபம். பாம்பன் பாலத்தைப் பார்க்கும் அவசரத்தில் மண்டபத்தைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கொச்சிக்குப் போவதற்கு முன் தலைமையிடமாக இருந்தது இந்தச் சின்ன ஊர்தான். இன்றைக்கும் அதன் மண்டபம் மையம் இயங்குகிறது. இலங்கையிலிருந்து வந்த தமிழர்களின் முகாம் இருப்பதும் இங்கேதான். சொதியும் சம்பலும் இந்தப் பக்கத்துச் சமையலில் அந்நியமாகத் தோன்றாததற்கு இந்த அக்கம்பக்கமும் காரணம்.

நீலக்கால் நண்டு பாக் நீரிணையின் பெருமை. ஆனால் அதில் நல்லது பெரும்பாலும் உள்ளூர்ச் சட்டிக்கு வருவதில்லை. நண்டை அவித்து, ஓடு பிரித்து, சதையைத் தனியே எடுத்துப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் இங்கே நடக்கிறது. ஓடு பிரிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஆகவே, ஒரு சின்ன மெஸ்ஸில் நல்ல நண்டுக் குழம்பு கிடைத்தால் அது அந்த ஊருக்கே மிச்சமானது என்று நினைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: சினை நண்டு வேண்டும் என்று கேட்காதீர்கள். முட்டையோடு இருக்கும் நண்டைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருஷம் நண்டே வரவில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை.

பாம்பனில் பழைய ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே கட்டப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. 2022 டிசம்பரிலிருந்து தீவுக்குள் ரயில் வராமல் இருந்தது. மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்த அந்த இரண்டு வருடத்துக்கு மேலான அவஸ்தை முடிந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு ரயில் நேரம்தான் கடிகாரம். காலையில் ரயில் வந்தால் இட்லிச் சட்டி ஏறும்.

பாம்பன் ஊருக்குள் மீன் சாப்பாட்டுக் கடைகள் சிறியவை. சிலவற்றுக்குப் போர்டுகூட இருக்காது. மெனு கார்டை எதிர்பார்க்காமல், 'அக்கா, இன்னைக்கு மீன்பாடு எப்படி? என்ன வந்துச்சு?' என்று கேட்பதுதான் இங்கே முறை. மீன்பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். விளைமீன், பாறை, கணவாய், நகரை, ஓரா என்று பதில் வரும். பாதிப் பெயர் சென்னைவாசிகளுக்குப் புரியாது. புரியாததையே வாங்கிச் சாப்பிடுங்கள்! ஓரா மாதிரியான மீன்கள் பெருநகரச் சந்தைகளில் எளிதில் கண்ணில் படாது. காரல் பொடி மீன், முள் ஜாஸ்தி. குழந்தைகளுக்கு எடுத்துக் கொடுக்கப் பொறுமை வேண்டும். ஆனால் அதில் வைக்கும் குழம்பின் ருசி பெரிய மீனுக்கு வராது.

இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்தது என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அடுத்து வருவது வேலைநிறுத்தம். படகுகள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும். அப்போது கடையில் 'இன்னைக்கு மீன் இல்லைங்க' என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடைக்காரருக்கு அண்ணனோ மச்சானோ ஒரு படகில் இருக்கக்கூடும்.

கோயிலைச் சுற்றி

தீவுக்குள் போனதும் நிலைமை மாறிவிடும். ராமநாதசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சைவ ஹோட்டல்கள்தான் பிரதானம். 22 தீர்த்தங்களிலும் நனைந்து, ஈர வேட்டியோடு வெளியே வருகிறவருக்கு அந்த நேரத்தில் சூடான பொங்கலும் காபியும் கிடைத்தால் போதும். அதை விமர்சனம் செய்து நட்சத்திரம் போடுவது கொஞ்சம் அநியாயம்.

தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களில் ராமேஸ்வரத்தின் சாப்பாட்டுத் தெரு தனி ரகம். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டு வந்து அபிஷேகம் செய்ய வடநாட்டிலிருந்து காலங்காலமாக யாத்ரீகர்கள் வருகிறார்கள். அவர்களுக்காக வந்த குஜராத்தி, மார்வாடி போஜனாலயங்கள் இன்றும் உண்டு. சுக்கா ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு சப்ஜி, மோர். இந்தியில் ஆர்டர் எடுத்து, அடுக்களைக்குத் தமிழில் குரல் கொடுக்கும் பையன்களைப் பார்க்கலாம். இங்கேயே ஒரு வேளையாவது அப்படிச் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நம் ஊர்க் கோயில் இன்னொருவருக்கு எவ்வளவு தூரத்து ஊர் என்பது அந்தப் பந்தியில் புரியும். சேதுபதி மன்னர்கள் யாத்திரைப் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்ததும் இப்படி வந்தவர்களின் பசிக்காகத்தான்.

இந்தத் தெருக்களில் நடக்கும்போது நினைத்துக்கொள்ள ஒரு சாப்பாட்டுச் சம்பவம் இருக்கிறது. அப்துல் கலாம் 1931-ல் பிறந்த ஊர் இது. பள்ளி நாட்களில் அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஐயரின் மனைவி ஆசாரம் மிக்கவர். முஸ்லிம் பையன் தங்கள் அடுக்களையில் சாப்பிடுவதா என்று பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் மனைவியிடம் கோபப்படவில்லை. தன் கையாலேயே கலாமுக்குப் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். கிளம்பும்போது அடுத்த வாரமும் வரச் சொன்னார். பையன் தயங்கினான். ஆனாலும் போனான். அந்த முறை ஐயரின் மனைவியே அவனை அடுக்களைக்குள் அழைத்துப்போய்த் தன் கையால் பரிமாறினார். 'அக்னிச் சிறகுகள்' சுயசரிதையில் கலாமே இதை எழுதியிருக்கிறார். அம்மாவோடு தரையில் உட்கார்ந்து வாழை இலையில் சோறு, சாம்பார், ஊறுகாய், தேங்காய்ச் சட்னி சாப்பிட்டதையும் அதில் சொல்கிறார். கலாமின் வீடு மசூதித் தெருவில் இருக்கிறது. அவரது நினைவகம் 2017 ஜூலையில் பேய்க்கரும்பில் திறக்கப்பட்டது.

மண்ணில் ஊறும் தண்ணீர்

2017-ல்தான் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை தார்ச்சாலையும் வந்தது. அதற்கு முன் மணலில் வேன் பிடித்துப் போக வேண்டும். 1964 டிசம்பர் புயல் அடித்துப் போட்ட ஊர். ரயிலும் போச்சு, இலங்கைக்கான கப்பல் போக்குவரத்தும் போச்சு. அரசாங்கம் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. இரண்டு பக்கமும் கடல் இருக்க, மணலைக் கொஞ்சம் தோண்டினால் குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீர் ஊறும். அதை வைத்துத்தான் சமையல்.

சாலையோரக் கீற்றுக் கொட்டகைகளில் மசாலா தடவிய மீன்களைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். கையைக் காட்டினால் எண்ணெயில் போட்டுக் கொடுப்பார்கள். வேறு பெரிய வித்தை எதுவும் இல்லை. முன்பே விலை பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. காலையில் பிடித்தது காலை பதினொரு மணிக்கு வாணலியில் விழும்போது அதற்கு மசாலாவே அதிகம்தான். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் மதியத்துக்கு முன் போவது உத்தமம். காற்றில் மணல் பறந்து தட்டில் விழும். அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

போர்டு இல்லாத சமையல்

தீவை விட்டுத் திரும்பி, ராமநாதபுரத்திலிருந்து தெற்கே பிரிந்தால் கீழக்கரை. உண்மையில், இந்தக் கடற்கரையின் மிகச் சிறந்த சாப்பாடு இங்கேதான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அது ஹோட்டலில் இல்லை!

இலங்கைக்கும் மலாய் நாடுகளுக்கும் கப்பலில் போய் வணிகம் செய்த முஸ்லிம்களின் ஊர் இது. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து அவிக்கும் வட்டலப்பம் இங்கே விசேஷ நாள் பலகாரம். இடியாப்பம், மாசிச் சம்பல், இறாலை உள்ளே வைத்துப் பொரிக்கும் வாடா, நோன்புக் கஞ்சி, கடற்பாசி என்று வீட்டுக்கு வீடு சமையல் விரியும். கல்யாண வீடுகளில் நான்கைந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் விருந்து. இது எதையும் 'ஒரு பிளேட்' என்று ஆர்டர் கொடுத்து வாங்க முடியாது. யாராவது அழைத்தால்தான் உண்டு. அழைப்பு கிடைத்தால் வேறு எந்தத் திட்டம் இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

நோன்பு திறக்கும் நேரத்துக் கடற்பாசி இனிப்பைப் பார்க்கும்போது பாம்பன் பக்கத்துப் பெண்களின் ஞாபகம் வர வேண்டும். கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றி, மன்னார் வளைகுடாத் தீவுகளின் பாறைகளுக்கு இடையே மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் அவர்கள். அந்தப் பாசி ஆலைக்குப் போய்த்தான் அகர் அகர் ஆகிறது. 1986-ல் அந்த 21 தீவுகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அன்றிலிருந்து தீவுகளுக்குப் போவதா வேண்டாமா என்பது அவர்களின் தினசரிக் கவலை. பவளப்பாறையும் பிழைக்க வேண்டும், பாசி எடுக்கிறவரும் பிழைக்க வேண்டும். எளிதில் தீர்கிற வழக்கு இல்லை.

கீழக்கரையில் வெளியூர்க்காரருக்கும் தாராளமாகக் கிடைப்பது தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சர்க்கரை போட்டு, எண்ணெய் பிரிந்து வரும்வரை மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓயக் கூடாது. மலேசியாவில் இதையே டோடோல் என்கிறார்கள். கப்பலேறி வந்த அல்வா! கடைகளில் எடை போட்டுத் தருவார்கள். ஊருக்கு வாங்கிப் போகலாம்.

ராமநாதபுரத்தில் வாங்க வேண்டிய இன்னொன்று குண்டு மிளகாய். உருண்டையாக, தடித்த தோலோடு, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கத்து வானம் பார்த்த பூமியில் விளைவது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பக்கத்து மீன் குழம்பின் நிறத்துக்கு இதுவே பொறுப்பு. ஒரு கிலோ வாங்கிப் போய் வீட்டில் அரைத்துப் பாருங்கள்.

தூத்துக்குடி வழியாக ஊர் திரும்புகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடியில் ஒரு பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தலாம். சுற்றிலும் பனைமரம். கருப்பட்டிக்குப் பேர் போன ஊர். வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பளபளவென்று மின்னினால் சர்க்கரை கலந்தது. மங்கலாக, பழுப்பாக இருந்தால் தைரியமாக எடை போடச் சொல்லலாம்.