மருத்துவக் கப்பலின் மடல்கள்

சுங்கை பூலோ என்றதும் மூத்த தலைமுறையினர்க்கு 1930ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தொழுநோயாளர் குடியிருப்பே நினைவுக்கு வரும். சுற்றத்தைப் பிரிந்து, ஊருக்கு ஒதுங்கி வாழ்ந்த அம்மக்களுக்கு உறவினரிடமிருந்து வரும் ஒரு மடல் எத்துணை ஆறுதலாய் இருந்திருக்கும்! நிலத்தில் நின்ற மருத்துவமனைக்கே மடல் உயிர்த்துணை என்றால், நீரில் மிதந்த மருத்துவமனையைப் பற்றிக் கூற வேண்டுமோ? துறைமுகம் மாறிக்கொண்டே இருக்கும் கப்பலில் காயமுற்றுக் கிடந்தவன் வீட்டுக்கு எழுதிய மடல் எவ்வழிச் சென்றது? அஞ்சல் வரலாறு என்னும் துறை இத்தகைய வினாக்களுக்கு விடை தேடுகிறது.

தமிழர்க்கு நெருக்கமான மருத்துவக் கப்பல் ஒன்று உண்டு. ‘மதராஸ்’ என்பதே அதன் பெயர். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையின்மேல் குண்டு பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ மூட்டியது. (அதே எம்டன்தான் அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது.) அவ்வாண்டின் இறுதியில், பென்ட்லண்டு பிரபு ஆளுநராய் இருந்தபோது, சென்னை மாகாணத்தில் திரட்டிய போர் நிதியைக் கொண்டு, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் ‘தாண்டா’ மருத்துவக் கப்பலாக மாற்றப்பெற்றுப் புதுப்பெயர் சூடியது. பிற்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து நம்மவரை ஏற்றிவந்து, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறக்கிய ‘ரஜூலா’வும் அந்நிறுவனத்துக் கப்பலே.

மருத்துவக் கப்பலுக்கு வெண்ணிறம் பூச வேண்டும், வேறு போர்ப்பணிக்கு அதைப் பயன்படுத்தலாகாது என்பன 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் விதிகள். இரவிலும் விளக்கேற்றித் தன்னைக் காட்டிக்கொண்டு செல்வது அக்கப்பலின் இயல்பு. ஆயின், அதிலிருந்து புறப்பட்ட மடலோ தன் பிறப்பிடத்தை மறைத்துக்கொண்டே சென்றது. கப்பல் கரை சேர்ந்ததும் அஞ்சல் பை ஒப்படைக்கப்படும். போர்க்கள அஞ்சல் நிலையத்தின் முத்திரையில் எண் இருக்குமேயன்றி ஊர்ப்பெயர் இராது. பகைவர் அறியலாகாது என்பதே காரணம். அதன்மேல் தணிக்கை அதிகாரியின் முத்திரை விழும். களத்திலிருந்தோரின் சாதாரண மடல்களுக்கு அஞ்சல்தலை தேவையில்லை. பிற தேவைகளுக்கென ‘ஐ.இ.எஃப்.’ என்ற மூன்று எழுத்துகள் மேலச்சிட்ட இந்திய அஞ்சல்தலைகள், பத்து மதிப்புகளில், 1914இல் வெளியாயின.

எனவே, ஓர் உறை மருத்துவக் கப்பலில் எழுதப்பட்டதுதானா எனக் கண்டறிவது எளிதன்று. மூலையில் மங்கிக் கிடக்கும் மருத்துவ அதிகாரியின் ரப்பர் முத்திரை, எழுதியவன் பென்சிலால் குறித்த முகவரி, நாள் ஆகியவற்றைக் கப்பலின் பயணக் குறிப்போடு ஒப்பிட வேண்டும். நம் மாணவரோ அஞ்சல்தலையை நீரில் ஊறவைத்து உரித்தெடுத்து, உறையைக் குப்பையில் எறிகின்றனர். அஞ்சல்தலையே ஒட்டப்படாத இவ்வுறைகளை அவர்கள் ஏறெடுத்தும் பாரார். தோட்டத்து வீடுகளில் தகரப் பெட்டிகளில் கிடந்த எத்தனை உறைகள் இவ்வாறு போயினவோ! உறையை உறையாகவே வைத்திருக்க ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தால் போதும்.

உள்ளே இருந்த மடல்களின் கதை இன்னும் துயரமானது. பிரான்சில் போரிட்ட இந்திய வீரர்களின் மடல்களைத் தணிக்கையாளர் படித்து, பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தனர். அக்குறிப்புகள் இலண்டனில் உள்ளன. கருப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளையன் என வீரர்கள் மறைமொழியில் எழுதியதும் அவற்றால்தான் தெரிகிறது. ஆனால், அவற்றுள் பெரும்பாலானவை வடமேற்கு இந்தியரின் குரல்கள். தமிழ்க் குரல் மிக அரிது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் பொருது தோற்ற படையில் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படைப் பிரிவும் இருந்தது. அவ்வீரர்களின் வீடுகளுக்கும் மடல்கள் சென்றிருக்கும். எழுதத் தெரியாதவன் பிறரிடம் சொல்லி எழுதுவித்திருப்பான். வாசிக்கத் தெரியாத தாய் அண்டை வீட்டாரிடம் கொடுத்துக் கேட்டிருப்பாள்.

போருக்குப் பின் மதராஸ் மீண்டும் தாண்டாவாகி வணிகத்துக்குத் திரும்பியது. 1944 ஜூலை 15ஆம் நாள், அரபிக் கடலில், செருமானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் குண்டு பட்டு அது மூழ்கிற்று.