ஒரகடம் சாலையில் ஒரு ‘ஸ்பெஸ்மிலோ’ தங்கம்!

ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பைக் கடப்பது லேசான காரியமில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கமும் வாலாஜாபாத் பக்கமும் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். இறங்குகிறவர்களின் கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. கார், பைக், லாரி, செல்போன் என எல்லாம் தயாராகும் இந்தத் தடத்தில், ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் அவர்கள் தினமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும் பொருள் ஒன்று உண்டு: நகைக்கடை வாசலில் இருக்கும் விலைப் பலகை. 22 காரட், ஒரு கிராம் இவ்வளவு, ஒரு சவரன் இவ்வளவு.

அந்தச் ‘சவரன்’ இங்கிலாந்திலிருந்து வந்தது. ‘சாவரின்’ என்ற பிரிட்டிஷ் தங்க நாணயம்தான் நம் வாயில் சவரன் ஆனது. அதன் மதிப்பு ஒரு பவுண்டு என்பதால் பாட்டிகளுக்கு அது ‘பவுன்’. 1918-ல் பம்பாயிலேயே இந்த நாணயத்தை அச்சடித்தார்கள். எடை 7.988 கிராம். நாணயம் புழக்கத்திலிருந்து போய்விட்டது, எடை மட்டும் தங்கிவிட்டது. அதையும் நம்மவர்கள் முழுசாக 8 கிராம் ஆக்கிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே 8 கிராம் கணக்கை ஐரோப்பாவில் இன்னொரு கூட்டமும் பிடித்துக்கொண்டது. எல்லா நாட்டினரும் பேச ஒரு பொதுமொழி வேண்டும் என்று 1887-ல் சாமென்ஹாஃப் என்ற கண் மருத்துவர் உருவாக்கியது எஸ்பெராண்டோ. மொழி கிடைத்தாயிற்று, பணம்? ஒரு நாட்டு எஸ்பெராண்டோ அன்பர் இன்னொரு நாட்டுக்குச் சந்தா அனுப்ப வேண்டுமென்றால் ஃபிராங்க், மார்க், ரூபிள் என்று மாற்றியே அலுத்துப்போகும். 1907-ல் ரெனே டி சொஸ்யூர் என்ற சுவிஸ் கணித அறிஞர் ஒரு பொதுக் காசை முன்வைத்தார். (மொழியியலில் புகழ்பெற்ற ஃபெர்டினாண்ட் டி சொஸ்யூரின் தம்பி இவர். குடும்பமே பெரிய தலைகள்!) காசின் பெயர் ‘ஸ்பெசோ’. மிகச் சின்னது. ஆயிரம் ஸ்பெசோ சேர்ந்தால் ஒரு ‘ஸ்பெஸ்மிலோ’.

ஒரு ஸ்பெஸ்மிலோ என்பது 22 காரட் தங்கத்தில் 0.8 கிராம். அதிலுள்ள சுத்தத் தங்கம் 0.733 கிராம். அப்படியானால் பத்து ஸ்பெஸ்மிலோ? 8 கிராம். அச்சு அசல் நம்ம ஊர் சவரன்! பிரிட்டிஷ் நாணயத்தில்கூட 12 மில்லிகிராம் குறைகிறது. ஸ்ரீபெரும்புதூர் தராசில் கச்சிதமாக நிற்கிறது.

லண்டனில் இதற்கென்றே ஒரு எஸ்பெராண்டோ வங்கியும் நடந்தது. ஸ்பெஸ்மிலோவில் கணக்கு, ஸ்பெஸ்மிலோவில் காசோலை. முதல் உலகப் போர் வந்தது, எல்லாம் படுத்துவிட்டது. மிச்சம் ஒரு குறியீடுதான். கணினி எழுத்துகளின் யூனிகோட் பட்டியலில், நம் ரூபாய்க் குறிக்கு இரண்டு இடம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

இனி, அந்தக் காசை வைத்து இங்குள்ள தங்கத்தை அளந்து பார்க்கலாம். 1907-ல் இந்தியாவில் ஒரு சவரனுக்கு அரசு வைத்திருந்த விலை 15 ரூபாய். ஒரு ஸ்பெஸ்மிலோ ஒன்றரை ரூபாய். 2025 ஜனவரியில் சென்னையில் சவரன் 60,000 ரூபாயைத் தாண்டியது, ஸ்பெஸ்மிலோ 6,000. அதே ஆண்டு அக்டோபரில் சவரன் 90,000-த்தைத் தாண்டியது, ஸ்பெஸ்மிலோ 9,000.

சொஸ்யூரின் கண்ணில் தங்கம் அசையாது, நாட்டுப் பணம்தான் ஏறி இறங்கும். அந்தக் கண்ணால் ஒரு சம்பளச் சீட்டைப் பார்த்தால் பகீர் என்கிறது. மாதம் 18,000 ரூபாய் வாங்குகிற ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் அவர் சம்பளம் 3 ஸ்பெஸ்மிலோ. அக்டோபரில் 2. சீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஓவர்டைமும் பார்த்திருப்பார். தங்கக் கணக்கில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு காணோம்.

அரிசிக்கும் வாடகைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாதுதான். ஆனால் ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்காகவே 2024-ல் 18,720 படுக்கைகளுடன் குடியிருப்பு திறந்தார்கள். ஊரைவிட்டு இந்தத் தடத்துக்கு வேலைக்கு வரும் பெண்களின் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் யாரும் ரூபாயில் கேட்பதில்லை. “எத்தனை பவுன்?” என்றுதான் கேட்கிறார்கள். சம்பளம் ஒரு காசில், செலவு இன்னொரு காசில்.

இதற்கு நகைக்கடைகளே ஒரு வழி வைத்திருக்கின்றன. மாதாமாதம் கட்டுகிற பணத்தை அன்றைய விலைக்கு எடையாக வரவு வைக்கும் நகைச்சீட்டு. அந்த அட்டையில் நிற்பது ரூபாய் அல்ல, கிராம். லண்டன் வங்கியின் ஸ்பெஸ்மிலோ கணக்கும் ஏறக்குறைய இதுதான். மாதம் 2,000 ரூபாய் கட்டும் ஒரு பெண்ணுக்கு, சவரன் 60,000-த்தில் நின்றபோது ஏறிய வரவு 267 மில்லிகிராம். 90,000-த்தில் நின்றபோது 178. செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாம் அதற்குப் பிறகு.