கொடுப்பவர் வீட்டுக் கணக்கு

மாணாக்கர் நாற்பது பேரை விக்டோரியா அணைக்கட்டைக் காண அழைத்துச் சென்ற ஆண்டு, மழை பொய்த்த ஆண்டாக இருந்தது. நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. நீர் விலகிய சேற்றுக்குள்ளே பழைய தெல்தெனிய நகரின் சுவர்களும் படிகளும் தலைகாட்டி நின்றன. விளக்கம் தர வந்தவர், அணையின் உயரம் 122 மீற்றர் என்றும், மின்வலு 210 மெகாவாற்று என்றும், 1985-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே பிரித்தானியப் பிரதம மந்திரி மார்கிரட் தச்சர் நேரில் வந்து அதனைத் திறந்துவைத்தார் என்றும், பத்துக் கோடிப் பவுணுக்கு மேற்பட்ட தொகையை அந்நாடு நன்கொடையாகவே வழங்கிற்று என்றும் ஒப்புவித்தார். அப்பொழுது பின்வரிசையில் நின்ற மாணவியொருத்தி நம்மைப் பார்த்து, "சேர், அந்தக் காசை அவையள் எந்தக் கணக்கிலை எழுதினவை?" என்று கேட்டாள்.

"ஏகாதிபத்தியத்தின் கணக்கிலே" என்றோம். மாணாக்கர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தந்தையார் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கக் கடையிலே கணக்கெழுதுபவர் என்பது நமக்குப் பின்னரே தெரியவந்தது.

விடை தெரியாத ஆசிரியன் கோஷத்துக்குள் ஒளிந்துகொள்வது புதிதன்று. ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஓர் அரசாங்கம் தன் குடிமக்களின் வரிப்பணத்தை எடுத்துப் பிறநாட்டுக்குக் கொடுக்கின்றதென்றால், அதனை எவர் திட்டமிடுகின்றனர், எவர் ஒப்பமிடுகின்றனர், தவறு நேர்ந்தால் எவர் பதில் சொல்கின்றனர் என்று பல காலமாகத் தேடிப் படித்தோம். படித்ததிலே நமது பழைய கோஷம் முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று என்று தெரிந்துகொண்டோம்.

முழுப் பொய்யன்று என்பதற்கு முதற் சான்று, 1929-ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய குடியேற்றநாட்டு அபிவிருத்திச் சட்டமாகும். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பவுண் வரை குடியேற்ற நாடுகளுக்குச் செலவிட அது இடந்தந்தது. அந்தச் செலவினால் பிரித்தானியாவின் வணிகமும் கைத்தொழிலும் வளர வேண்டும் என்பதனைச் சட்டம் ஒளிவுமறைவின்றிக் கூறிற்று. அங்கே தொழிலாளர் இலட்சக்கணக்கில் வேலையின்றித் தவித்த காலம் அது. ஆபிரிக்காவிலே போடப்படும் தண்டவாளத்தை வார்க்கப் போவது இங்கிலாந்தின் உருக்காலை. அந்தக் காலத்து ஏகாதிபத்தியம் ஒருவகையில் நேர்மையானது. தன் ஆதாயத்தைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதிவைத்தது.

பின்வந்த அரசாங்கங்கள் அவ்வளவு வெளிப்படையாக இருக்கவில்லை. 1964-ஆம் ஆண்டில் ஹரல்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசாங்கம் கடல்கடந்த அபிவிருத்திக்கென்றே தனி அமைச்சொன்றை நிறுவி, பார்பரா காஸிலை அதற்கு மந்திரியாக்கிற்று. 1970-இல் ஆட்சிக்கு வந்த கொன்சவேட்டிவ் கட்சி அதனை வெளிநாட்டு அமைச்சுக்குள் அடக்கிற்று. 1974-இல் மீண்டும் தனி அமைச்சு, 1979-இல் மீண்டும் அடக்கம், 1997-இல் மீண்டும் தனித் திணைக்களம், 2020-இல் மீண்டும் வெளிநாட்டு அமைச்சு. பந்தாட்டம்போலத் தோன்றும் இந்த வரலாற்றை நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாது. தனி அமைச்சு இருக்கும்போது, பணம் எதற்கு என்று கேட்பதற்கென்றே தனி மந்திரியொருவர் இருக்கின்றார். அது இல்லாதபோது, அதே கேள்வியை இராசதந்திரமும் வாணிபமும் கேட்கின்றன. பெயர்ப்பலகையை மாற்றுவது கணக்கின் பொருளையே மாற்றுவதாகும்.

எதனை உதவி என்று எண்ணலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. செல்வந்த நாடுகள் கூடியமைத்த அபிவிருத்தி உதவிக் குழு 1969-இல் அதற்கொரு வரைவிலக்கணம் வகுத்தது. உதவி அரசாங்கத்தினிடமிருந்து வரவேண்டும், வறிய நாட்டின் பொருளாதார நலத்தையே முதன்மை நோக்கமாகக் கொள்ளவேண்டும், சலுகை உடையதாக இருக்கவேண்டும். போர்க்கருவி கொடுப்பது இதனுள் அடங்காது. மறு ஆண்டு, 1970-இல், செல்வந்த நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை உதவியாக வழங்கவேண்டுமென ஐக்கிய நாடுகள் பொதுச் சபை தீர்மானித்தது. நூறு ரூபாவிலே எழுபது சதம். பிரித்தானியா இவ்விலக்கை 1974-இல் ஏற்றுக்கொண்டது, எட்டிப்பிடித்ததோ 2013-இல். எழுபது சதத்தை எடுத்துவைக்க முப்பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

எட்டிப்பிடித்த கதையிலும் வேடிக்கை உண்டு. பிரித்தானியத் திறைசேரியின் நிதியாண்டு ஏப்பிரலில் தொடங்கி மார்ச்சில் முடிகின்றது. உதவியின் அளவோ ஜனவரி முதல் டிசெம்பர் வரை எண்ணப்படுகின்றது. அந்த ஆண்டின் தேசிய வருமானம் எவ்வளவு என்பது ஆண்டு முடிந்த பின்னரே உறுதிப்படும். ஆகவே இலக்குக்குக் குறையவும் கூடாது, மிக மிஞ்சவும் கூடாது என்ற நிலையில், ஆண்டிறுதி நெருங்க நெருங்கத் திணைக்களம் செலவை முடுக்கவோ தடுக்கவோ வேண்டியிருந்தது. இதற்கு அவர்களிடம் ஒரு கருவி இருந்தது. உலக வங்கி போன்ற நிறுவனங்களுக்குப் பணமாகவன்றிப் பத்திரமாகக் கொடுக்கலாம். நம் ஊரிலே நொத்து என்கின்றோமே, அத்தகைய வாக்குறுதிப் பத்திரம். பத்திரம் கையளிக்கப்பட்ட நாளிலேயே அது உதவியாக எண்ணப்படும். காசு கைமாறுவது பின்னொரு காலத்தில்.

நாம் இதனைப் படித்தபோது, முன்னர் பணியாற்றிய பாடசாலையொன்றின் நினைவு வந்தது. ஒதுக்கிய பணம் செலவழியாவிட்டால் டிசெம்பர் முடிவிலே திரும்பிப் போய்விடும் என்ற அச்சத்தினால், கடைசி வாரத்தில் பூகோள உருண்டைகள் பன்னிரண்டு வாங்கினோம். அந்த ஆண்டு முழுவதும் கூரை ஒழுகியது. ஏனெனில் கூரைக்குக் கேள்விப்பத்திரம் கோரி முடிப்பதற்கு மூன்று மாதம் வேண்டும்; உருண்டை வாங்க ஒரு நாள் போதும். செலவழித்துவிட்டோம் என்ற கணக்கு வேறு, பயன்பட்டது என்ற கணக்கு வேறு என்பதனை ஒழுகும் கூரையின் கீழ் அடுக்கிவைத்த உருண்டைகள் நமக்குப் போதித்தன.

இனி, நமது கோஷம் முழு மெய்யுமன்று என்று ஏன் சொன்னோம் என்பதற்கு வருவோம். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்திலே பெர்காவ் என்றொரு நதி உண்டு. அதிலே நீர்மின் அணையொன்று கட்ட 1980-களின் இறுதியில் பிரித்தானியா உதவ முன்வந்தது. அதற்குச் சற்று முன்னர், 1988-இல், பிரித்தானியப் பாதுகாப்பு மந்திரி மலேசியாவுடன் போர்க்கருவி விற்பனை பற்றிய ஓர் உடன்பாட்டில் உதவிப்பணத்தையும் சேர்த்து ஒப்பமிட்டிருந்தார். ஆயுதம் வாங்குபவருக்கு அன்பளிப்பாக அபிவிருத்தி. இது தகாது என உணர்ந்து பின்னர் அந்தத் தொடர்பை எழுத்தளவிலே அறுத்துவிட்டனர். அணையின் வாக்குறுதி மாத்திரம் நின்றது. மதிப்பீட்டுத் தொகை சில வாரங்களுக்குள் ஏறிற்று. எரிவாயு மின்நிலையம் அமைப்பதே மலிவானது என உதவி நிருவாகத்தின் பொருளியலாளர் கணக்கிட்டுக் காட்டினர்.

பிரித்தானிய ஆட்சிமுறையிலே ஓர் ஏற்பாடு உண்டு. அமைச்சின் நிரந்தரக் காரியதரிசியே அதன் கணக்கீட்டு உத்தியோகத்தர். செலவழித்த ஒவ்வொரு பவுணுக்கும் பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவின் முன்னே தாமே தோன்றிப் பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர். ஒரு செலவு பணத்துக்கேற்ற பயன் தராது என்று அவர் கருதினால், மந்திரியின் எழுத்துமூலமான கட்டளையின்றி அதனைச் செய்யமாட்டேன் என மறுக்கலாம். 1991-இல் சேர் ரிம் லங்கெஸ்டர் என்ற காரியதரிசி இவ்வாறே மறுத்தார். வெளிநாட்டு மந்திரி டக்ளஸ் ஹேர்ட் கட்டளையை எழுத்திலே தந்தார். 23 கோடியே 40 இலட்சம் பவுண் வழங்க ஏற்பாடாயிற்று.

அந்த ஒரு தாள் கோவையிலே கிடந்தது. 1993-இல் தேசிய கணக்காய்வு அலுவலகம் அதனைக் கண்டெடுத்து அறிக்கையிட்டது. பாராளுமன்றக் குழுக்கள் விசாரித்தன. உலக அபிவிருத்தி இயக்கம் என்ற பொதுமக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1994 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதார முறையிலே ஆதாரமற்ற இத்திட்டத்துக்குச் சட்டம் குறித்த அபிவிருத்தி நோக்கம் இல்லையாதலின் மந்திரியின் முடிவு சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தது. அணை கட்டப்படாமல் நிற்கவில்லை. பிரித்தானிய அரசாங்கம் ஒப்புக்கொண்ட கடப்பாட்டை வேறு பணத்திலிருந்து நிறைவேற்றியது. ஆயினும் பின்விளைவு சிறிதன்று. 2001-இல் பிரித்தானியா, உதவிப்பணத்தைத் தன்னாட்டுப் பொருள்களோடு பிணைக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வறுமை ஒழிப்பையே உதவியின் நோக்கமாக எழுதிற்று.

முதலாளித்துவ அரசு முதலாளிகளின் கருவி என்று மாணாக்கருக்கு நாம் பலமுறை சொல்லியிருக்கின்றோம். இப்பொழுதும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவியின் உள்ளேயே ஒருவர் "ஒப்பமிடமாட்டேன், நீர் எழுதித் தாரும்" என்று சொல்லக்கூடிய ஓரிடம் இருந்தது. அவ்விடத்தை எவரும் தானமாகத் தரவில்லை. மன்னனின் பணப்பைக்கு எதிராகப் பாராளுமன்றம் நூற்றாண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது. கணக்கு என்றால் குமாஸ்தாவின் சலிப்பூட்டும் வேலை என்று இளைஞராய் இருந்தபோது நாம் எண்ணியது பெரும் பிழை. சங்கக் கடைக் கணக்கப்பிள்ளையின் மகளுக்கு அது தெரிந்திருந்தது.

எனினும், விதிக்கு உட்பட்டுச் செய்யும் தந்திரத்தைக் கணக்காய்வாளர் என்செய்வார்? புகலிடம் தேடி வந்தோருக்கு முதற் பன்னிரண்டு மாதங்களிலே உள்நாட்டில் செய்யும் செலவையும் உதவியாக எண்ணலாம் என்று அந்த வரைவிலக்கணம் இடந்தருகின்றது. 2022-இல் பிரித்தானியாவின் மொத்த உதவி சுமார் 1,280 கோடிப் பவுண். அதிலே ஏறத்தாழ 370 கோடி, அதாவது 29 வீதம், இவ்வாறு உள்நாட்டிலேயே செலவாயிற்று. 2023-இல் 1,530 கோடியில் 430 கோடி. பெரும்பகுதி விடுதிக் கட்டணம். அகதிக்குக் கூரை வேண்டாமென எவர் சொல்வார்? ஆனால் ஆபிரிக்கக் கிராமத்து மருத்துவசாலைக்கென்று மக்கள் நினைத்திருந்த பணம் இங்கிலாந்திலுள்ள விடுதி முதலாளியின் கைக்குப் போய்ச்சேர்ந்து, "வெளிநாட்டு உதவி" என்ற தலைப்பின்கீழ் பதிவாவதை என்னவென்பது?

இலக்கைச் சட்டமாக்கினால் உறுதிப்படும் என்று நம்பியவர்களும் உண்டு. 2015-இல் 0.7 வீதத்துக்கென்றே சட்டம் இயற்றப்பட்டது. இலக்குத் தவறினால் மந்திரி பாராளுமன்றத்தில் விளக்க அறிக்கையொன்றை வைக்கவேண்டும், அவ்வளவே. நீதிமன்றத்துக்குப் போக வழி வைக்கவில்லை. 2020 நவம்பரில், பெருந்தொற்றினால் நேர்ந்த செலவைக் காரணங்காட்டி, அக்காலத்து நிதிமந்திரி ரிஷி சுனக் அதனை 0.5 வீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். 2021 ஜூலையில் மக்கள் சபை 333-க்கு 298 என்ற வாக்குகளால் இசைந்தது. 2025 பெப்ரவரியில், தொழிற்கட்சிப் பிரதம மந்திரி கியர் ஸ்ராமர், பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதற்காக 2027 அளவில் 0.3 வீதத்துக்கு இறக்குவதாக அறிவித்தார். அன்று பெர்காவிலே போர்க்கருவி உதவிக்குள் ஒளிந்து வந்தது. இன்று ஒளிய வேண்டிய தேவையும் இல்லாது போயிற்று.

விக்டோரியாவுக்கு வருவோம். அந்த நன்கொடை பிரித்தானியப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் பிணைக்கப்பட்டிருந்தது. அணையைக் கட்டியவையும், சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் அமைத்தவையும் அந்நாட்டுக் கம்பெனிகளே. ஆகவே அவள் கேட்டதற்கு இன்று விடை சொல்லலாம்: கடல்கடந்த உதவியின் கணக்கிலே எழுதினார்கள், பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குக் காட்டினார்கள், பெருமளவு பணம் அந்நாட்டுக் கம்பெனிகளின் வரவுப் பத்தியிலே போய் நின்றது. மின்சாரம் நமக்கு வந்தது. அதனையும் எழுதத்தான் வேண்டும்.

அன்று திரும்பும் வழியில் நடந்த ஒன்றை முன்னரே சொல்லியிருக்கலாம். தேநீர்க் கடையிலே ஒரு முதிய சிங்கள விவசாயி நம் மாணாக்கரோடு பேச்சுக்கொடுத்தார். நீருக்கடியிலே போன வீடுகளில் ஒன்று அவருடையது. சேற்றுக்கு மேலே தெரிந்த படிகளைச் சுட்டி, எந்தப் படியிலிருந்து எத்தனையாவது வீடு என்று காட்டினார். பின்னர் மடியிலிருந்து பழைய அப்பியாசக் கொப்பியின் கிழிந்த தாளொன்றை எடுத்தார். பலா 4, தென்னை 31, கமுகு 60, கிணறு 1, தாயின் கல்லறை 1 என்று சிங்களத்தில் வரிசையாக எழுதியிருந்தது. அறிந்த அளவுக்கு நாம் மொழிபெயர்த்துச் சொன்னோம். அந்த மாணவி தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அணையின் உயரத்தையும் மின்வலுவையும் எழுதியிருந்த பக்கத்திலேயே, அவற்றின் கீழே, அதனை முழுவதும் பிரதிசெய்துகொண்டாள். "துவ, எழுத்து வடிவாய் இருக்கிறது" என்று அவர் தம் மொழியிலே சொல்லிவிட்டு, தாளை மடித்து மீண்டும் மடியிலே செருகிக்கொண்டார்.