டிக்கி மேல் முளைத்த சிறகு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் அலங்காரக் கடைகளில், டிக்கியின் மேல் அமரும் எந்தத் துண்டுக்கும் 'ஸ்பாய்லர்' என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. ஆனால் ஓடும் பொருளின் மீது காற்று செலுத்தும் விசைகளை ஆராயும் காற்றியக்கவியல், அவற்றை இருவேறு பொருள்களாகப் பிரித்துப் பார்க்கிறது. கூரையின் வளைவில் வழுக்கி இறங்கும் காற்று வண்டியின் பின்பகுதியைச் சற்றே மேலே தூக்கும். அந்த ஓட்டத்தைக் குலைத்துத் தூக்கலைக் குறைப்பதற்காக உடலோடு ஒட்டி நிற்கும் விளிம்பே ஸ்பாய்லர். விங் எனப்படுவது தலைகீழாகக் கவிழ்த்த விமான இறக்கை; அதன் மேலும் கீழும் தங்குதடையற்ற காற்று ஓடினால்தான் சக்கரங்களைத் தரையோடு அழுத்தும் கீழழுத்தம் அதற்குப் பிறக்கும். கடையில் இந்தப் பிரிவினைக்கு வேலை இல்லை. என்ன வண்டி, என்ன நிறம், டிக்கியில் துளை போடலாமா, டபுள் டேப் போதுமா என்பவையே அங்கே கேட்கப்படும் கேள்விகள்.

கடையில் மாட்டப்படும் துண்டுகளில் ஒரு பகுதி அச்சில் வார்த்த பிளாஸ்டிக்காக வந்து சேருகிறது. மற்றவை சிறு ஃபைபர் பட்டறைகளில் கையால் உருவாகின்றன, இக்கட்டுரைக்கு முதன்மையானது அந்தக் கைவேலையே. பட்டறைக்குள் காலெடுத்து வைப்பவரை எதிர்கொள்வது ரெசினின் வாடை. பாலியெஸ்டர் ரெசினில் கலந்துள்ள ஸ்டைரீன் என்னும் கரைப்பானின் மணமே அது. தெர்மோகோலும் ஸ்டைரீன் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், புதிய வடிவம் ஒன்றைத் தெர்மோகோலில் செதுக்கி அதன் மேல் நேராக ரெசினைப் பூசினால் செதுக்கிய வடிவம் கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும். ஆகவே பிளாஸ்டர் பூசியோ ஒட்டுநாடா சுற்றியோ அதை மறைத்த பிறகே அடுத்த வேலை தொடங்குகிறது. புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் கிடைத்த அசல் துண்டு கையில் இருந்தால் இந்தச் சிரமம் இல்லை. அதன் மேல் மெழுகை அடுக்கடுக்காகத் தேய்த்து, அதிலிருந்தே மோல்டு எடுத்துவிடலாம்.

மோல்டுக்குள் முதலில் இறங்குவது ஜெல்கோட் என்ற வழவழப்பான மேற்பூச்சு. அதன் மேல் கண்ணாடி இழைகளைச் சிக்கலாகப் பரப்பிய 'மேட்' விரிக்கப்பட்டு, ரெசின் ஊற்றப்பட்டு, உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகள் வெளியேறும்வரை பிரஷ்ஷாலும் ரோலராலும் அழுத்தப்படுகிறது. ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னரின் அளவு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் இருக்கிறது தொழிலின் நுட்பம்: சித்திரை வெயிலில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் மேட் முழுவதும் நனையும் முன்பே டப்பாவில் உள்ள ரெசின் கூழாகிச் சூடேறிவிடும், ஐப்பசி மழை நாளில் அதே அளவு போதாமல் துண்டு பிசுபிசுப்பாகவே கிடக்கும். வேதிவினையை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலையும் ஹார்ட்னரையும் ரெசின் இல்லாமல் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும் என்பது, வேலைக்குச் சேரும் எவரும் முதல் நாளே அறிய வேண்டிய பாடம். இறுகிய துண்டை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பெயர்த்து, ஓரம் வெட்டி, பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூள் தோலில் ஏறினால் அரிப்பு அன்றைக்கு முழுவதும் விடாது. அத்தூளை மூச்சில் இழுக்கும் நுரையீரலின் பாடு அதைவிட மோசம்.

பட்டியின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தைக் கண்டுபிடிக்கும் கைகள் இவை. இத்தனை திறமையும் ஒரு மேற்பரப்பைப் பிழையின்றி நகலெடுப்பதில் செலவாகிறது. நகலில் வராதது காற்று. ஒரு விங்கின் பயனைத் தீர்மானிப்பவை, வரும் காற்றுக்கு அது சாய்ந்து நிற்கும் கோணமும், கூரைக்குப் பின்னால் கலங்கிச் சுழலும் காற்றை விட்டு விலகி நிற்கும் உயரமும். வேறொரு காருக்காக அளந்து வைத்த கோணம் இன்னொரு காரின் டிக்கிச் சரிவில் ஏறியதும் பொருளிழந்துவிடுகிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நான்கடி நீளமும் ஐந்தங்குல அகலமும் கொண்ட விங் ஒன்று, தெளிவான காற்றில், சரியான கோணத்தில் நிற்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது தரும் கீழழுத்தம் சுமார் இரண்டரை கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால் 120-இல் சுமார் 10 கிலோவும், 240-இல் சுமார் 40 கிலோவும் கிடைக்கும். நகர நெரிசலில் ஊரும் ஒரு டன் எடையுள்ள காருக்கு, டிக்கிக்குள் ஒரு புத்தகப் பையை வைத்தாலே இதைவிடக் கூடுதல் அழுத்தம் கிடைத்துவிடும். நம் சாலைகளின் சிறு கார்கள் பெரும்பாலும் முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. பின்னச்சுக்கு அப்பால் விழும் அழுத்தம், ஏற்ற இறக்கப் பலகையைப் போல, முன்சக்கரத்தின் பிடியைச் சிறிதளவு குறைக்கவும் செய்யும்.

இதனால் விங் என்பதே வெறும் பகட்டு என்று முடிவுகட்டுவது தவறு. 1956-இல் மைக்கேல் மே என்ற சுவிஸ் பொறியாளர் தம் போர்ஷே 550-இன் மேல் ஒரு விங்கைப் பொருத்தி நூர்பர்க்ரிங் பந்தயத்துக்குக் கொண்டுவந்தபோது, நிர்வாகிகள் அதைக் கழற்றச் சொன்னார்கள். பத்தாண்டுக்குப் பின் அமெரிக்காவில் ஜிம் ஹாலின் சாப்பரல் 2இ பந்தயக் கார், உயர்ந்த தூண்களின் மேல் விங்கைத் தாங்கி, அதன் விசையைக் காரின் உடலுக்குத் தராமல் நேராகச் சக்கரத் தாங்கிகளுக்கே இறக்கிக் காட்டியது. 1969-இல் பார்சிலோனாவின் மொன்ட்யூயிக் தடத்தில் கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகியோர் ஓட்டிய இரண்டு லோட்டஸ் கார்களின் உயர விங்குகள் ஒரே பந்தயத்தில் முறிந்து இரண்டுமே மோதின. அதே மாதம் மொனாக்கோவில் உயர விங்குகளுக்குத் தடை வந்தது. முறிந்தால் காரையே தூக்கி எறியும் அளவுக்கு வேலை செய்த பொருள் அது. சாலைக் கார்களிலும் சான்று உண்டு: 1998-இல் வெளிவந்த ஆடி டிடி, அதிவேகத்தில் பின்பகுதி நிலைதடுமாறி விபத்துகளுக்குள்ளானதால் திரும்ப அழைக்கப்பட்டு, டிக்கி விளிம்பில் சிறு ஸ்பாய்லரும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் பெற்றது. பார்வைக்குச் சாதுவான அந்த விளிம்பு, டபுள் டேப்பில் ஒட்டிய இரண்டடுக்கு விங்கைவிட மதிப்புடையது.

கூரையின் பின்விளிம்பில் வரிசையாக ஒட்டப்படும் சிறு துடுப்புகளின் கதையும் இப்படித்தான். சுழலாக்கி எனத்தக்க இவை, மேற்பரப்பை ஒட்டி மெதுவாக நகரும் எல்லைப்படலம் என்ற காற்றடுக்கில் சிறு சுழல்களை எழுப்பி, ஓட்டம் பின்கண்ணாடியை விட்டுப் பிரிவதைத் தள்ளிப்போடுகின்றன. மிட்சுபிஷி பொறியாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், லான்சர் எவல்யூஷன் காருக்கென்றே உயரமும் இடமும் தேர்ந்து பொருத்தியபோது காற்றுத்தடைக் கெழு குறைந்தது 0.006 மட்டுமே. மணிக்கு 100 கிலோமீட்டரில் அது அரை கிலோவைச் சற்றே தாண்டிய விசை. கூரையில் காலியாகக் கிடக்கும் ஒரு கேரியரைக் கழற்றி வைப்பவருக்கு அதைவிட லாபம் கிடைக்கும்.

இத்துண்டுகளின் பயன் இவ்வளவுதான் என்பதைக் கைவினைஞர்கள் அறியாதவர்கள் அல்லர். "அண்ணா, இதைப் போட்டா வண்டி ரோட்டைப் புடிச்சுக்குமா?" என்று கேட்கும் இளைஞருக்கு, "லுக்கு நல்லா இருக்கும் தம்பி" என்ற விடை வருகிறது; அதில் பொய் இல்லை, விற்பனைக்குப் பழுதும் இல்லை. அவர்களுடைய கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 2017 டிசம்பரில் நடுவண் அரசு முன்பம்பர் கம்பிகளைத் தடைசெய்தது. மோதலின்போது காற்றுப்பை விரிவதற்கு அவை இடையூறாகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. துண்டு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு தயக்கம் வாடிக்கையாளருக்கு. எனவே பட்டறைகளின் சிறகுகளும் சிறுத்துக்கொண்டு வருகின்றன.

உண்மையில் விங்குக்கு வேலை இருக்கும் இடம் நகரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில், துண்டின் தகுதியைச் சொல்வது கடிகாரம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ, நடைபாதை ஓரம் நிறுத்திய வண்டியின் டிக்கியைத் துடைத்து, நாடாவின் மேல்தாளை உரித்து, இரு ஓரத்திலும் சாண் போட்டு அளந்து, விங்கை ஒரே அழுத்தில் ஒட்டிவிட்டு நிமிர்கிற தொழிலாளி, பசை நன்றாகப் பிடிக்க ஒரு நாள் ஆகும் என்பதால் இரண்டு அறிவுரைகள் சொல்லி அனுப்புகிறார்: வண்டியைக் கழுவ வேண்டாம், வேகமாகவும் ஓட்ட வேண்டாம்.