சொன்னதை எழுதுகிறவன்

பிறர் எழுதியதைப் பற்றி எழுதிக்கொண்டு இந்த மாதிரிப் பக்கங்களில் பத்து வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியாகிவிட்டது. பகலில் பாங்க் கௌண்டர், இரவில் விமர்சனம். இரண்டு இடத்திலும் அடுத்தவன் கையெழுத்தைச் சரிபார்ப்பதுதான் உன் உத்தியோகம் என்று ஒரு நண்பர் கேலி செய்வதுண்டு. ஆனால் இன்னொருவர் பெயரில், அவர் வாயால் சொல்லச் சொல்ல, நான் எழுதியது ஒரே ஒரு தடவைதான். 2016 ஏப்ரலில், நான்கு மணி நேரம். அதைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது 2014-இல், கௌண்டருக்கு அந்தப் பக்கத்தில். பி.ஏ. இங்கிலீஷ் முதல் வருஷ மாணவர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஸ்காலர்ஷிப் பணம் வந்து விழ ஒரு கணக்கு வேண்டும். மானேஜர் அவரிடம் பேசவில்லை. கூட வந்திருந்த பையனிடம் பேசினார். அப்பாவோடு சேர்த்து ஜாயின்ட் கணக்கு, செக் புத்தகம் கிடையாது, ஏ.டி.எம். கார்டு கிடையாது, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. எல்லாம் அவருடைய பாதுகாப்புக்காகத்தான். பார்வையற்றவர்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டப்படி தகுதி உள்ளவர்கள், பார்வையில்லை என்பதற்காக எந்த வசதியையும் மறுக்கக்கூடாது என்று ரிஸர்வ் பாங்க் 2008 ஜூனில் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் ஃபைலிலேயே இருந்தது. தேடி எடுத்து மேஜைமேல் வைத்தேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. பி.ஏ. இங்கிலீஷ் என்று காதில் விழுந்த உற்சாகம்தான். அறிவியலோ காமர்ஸோ படிப்பவராக இருந்தால் ஃபைலைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்.

அதன்பின் சனிக்கிழமை மாலைகளில் அவருடைய ஹாஸ்டலுக்குப் போய் வாசிக்கத் தொடங்கினேன். கல்லூரியில் அவருக்கென்று இருந்த ஏற்பாடுகளைச் சொல்லிவிடலாம், அதிக நேரம் ஆகாது. சம்பளம் கிடையாது. பஸ் பாஸ் உண்டு. தரைத்தளத்தில் ஒரு அறை, வாசலில் பெயர்ப்பலகை, உள்ளே திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்கள். கதவில் பூட்டு. சாவி லைப்ரரி அஸிஸ்டென்டிடம்; அவர் லீவில் போனால் அறைக்கும் லீவு. சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சாய்வுதளம் ஒரு கட்டடத்தில் இருந்தது. அது ஏறிப்போய் ஒரு படியில் முடிந்தது. பிரெயில் எழுத்து ஆறு புள்ளிகளில் அடங்கிவிடுகிற விஷயம். 1829-இல் லூயி பிரெயில் அதை வெளியிட்டபோது அவருக்கு இருபது வயது. ஆனால் எங்கள் யூனிவர்ஸிடி பாடப்புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் அந்தப் புள்ளிகளில் பார்த்ததில்லை. படிப்பு முழுவதும் பிறர் குரலில்தான். வாசிக்கிறவன் அலுத்துப்போன இடத்தில் பாடம் முடியும். அடிக்குறிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை வாசிக்கிறவன் முடிவுசெய்வான்.

ஒரு தடவை, நான் எழுதுகிற பத்திரிகைகளைப் படிக்க வேண்டும் என்று கேட்டார். பெருமையாக ஒரு பழைய இதழின் பி.டி.எஃப். அனுப்பினேன். கம்ப்யூட்டர் வாய் திறக்கவில்லை, பக்கங்கள் எல்லாம் வெறும் புகைப்படங்கள். சரி என்று என் கட்டுரையின் கோப்பையே அனுப்பினேன். அது பாமினி எழுத்துருவில் அடித்தது. இயந்திரம் அதை இங்கிலீஷ் எழுத்துக்களாக எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் உளறியிருக்கிறது. "உங்க கட்டுரை கொஞ்சம் கஷ்டம்னு சொன்னாங்க ஸார், இவ்வளவுன்னு தெரியாது" என்றார். இலக்கியம் சிலருக்கே என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு அர்த்தம் அதற்கு இருக்கும் என்று தோன்றியதில்லை.

பரீட்சைக்கு ஸ்க்ரைப் தேடுவது தனி வேதனை. முந்தைய பருவத்தில் வந்த ப்ளஸ் டூ பையன் கீட்ஸைப் பட்டமாக எழுதிவைத்துவிட்டுப் போனான். பரீட்சை அன்று வரவே வராதவர்களைவிட அவன் மேல். ஸ்க்ரைப்புக்குக் கல்வித் தகுதி, வயது என்று எந்த நிபந்தனையும் வைக்கக்கூடாது என்று மத்திய அரசு 2013-இல் நெறிமுறை வெளியிட்டிருந்தது. கல்லூரி அலுவலகமும் என்னிடம் அடையாள அட்டையும் போட்டோவும் மட்டுமே கேட்டது. அரைச் சம்பளத்துக்குப் பயப்படாமல் ஒரு நாள் லீவு போட்டேன்.

மற்றவர்களுக்கு மூன்று மணி. அவருக்கு மணிக்கு இருபது நிமிஷ வீதம் இன்னொரு மணி. முதல் மாடியில் உடைந்த பெஞ்சுகளை ஒதுக்கிப் போட்டிருந்த அறை, தூங்கிவிழுகிற ஒரு கண்காணிப்பாளர், நாங்கள் இரண்டு பேர். அவர் சொல்வதைக் கேட்பது ஒரு அனுபவம். முழு வாக்கியத்தையும் மனசுக்குள் எழுதி, அடித்து, திருத்தி, அப்புறம்தான் வெளியே விடுவார். கமா எங்கே என்றுகூடச் சொல்வார். அந்தகக்கவி வீரராகவருக்கு முதுகில் எழுதிக்காட்டி எழுத்துப் படிப்பித்தார்கள் என்று சொல்வார்கள். இவருக்கு வாக்கியம் எங்கே பதிந்திருந்ததோ.

ஒன்று நாற்பதுக்குக் கடைசிக் கேள்விக்கு வந்தோம். மில்டன் தன் பார்வையிழப்பைப் பற்றி எழுதிய ஸானெட்டில் தெரியும் மனநிலையை விளக்குக. இதற்கு என்ன பதில் என்பது இந்த தேசத்தில் பி.ஏ. இங்கிலீஷ் படித்த எல்லோருக்கும் தெரியும்: முதலில் முறையீடு, பிறகு பொறுமை வந்து சமாதானம் சொல்கிறது, கவிஞர் தெய்வ சித்தத்துக்குத் தலைவணங்குகிறார். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"பொறுமை என்ற பெயரில் பேசுகிற குரல் மில்டனுடையது அல்ல. அது பார்வையுள்ள யாரோ ஒருவருடைய குரல். நான் போன எல்லா அலுவலகங்களிலும் அதைக் கேட்டிருக்கிறேன். கவிதை அங்கே முடிவது கவிஞர் சம்மதித்துவிட்டதால் அல்ல, அந்தக் குரலோடு மேற்கொண்டு வாதாட முடியாது என்பதால். பிற்பாடு அவர் நின்றுகொண்டும் காத்துக்கொண்டும் இருக்கவில்லை. பத்தாயிரம் வரிகளுக்கு மேல் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார்."

பேனா நின்றுவிட்டது. நோட்ஸ் விமர்சனத்தை எதிர்த்து நான் எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறேன். ஒரு படைப்பைத் தன் வாழ்க்கையை வைத்து நேராகப் படிக்கிற ஒரு வாசகனாவது தமிழ்நாட்டில் உண்டா என்று எவ்வளவு அலுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வாசகன் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்கோ திருத்தப்போகிற வாத்தியாரின் சிவப்பு மைதான் கண்ணில் தெரிந்தது. பத்து மார்க். எம்.ஏ.வில் இடம் கிடைக்க அது அவருக்கு வேண்டும். தெய்வ சித்தத்துக்குத் தலைவணங்கி மில்டன் அமைதி அடைகிறார் என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

"எழுதியாச்சா ஸார்?"

"ஆச்சு."

"படிங்க."

அவர் சொன்னதை, ஒரு சொல் பிசகாமல், ஞாபகத்திலிருந்து படித்துக் காட்டினேன். கண்காணிப்பாளர் விழித்துக்கொண்டு மணி பார்த்தார்.

அந்தப் பேப்பரில் அறுபத்திரண்டு மார்க். போன் செய்தார். "பாத்தீங்களா ஸார், மில்டனை ஒத்துக்கிட்டாங்க" என்றார். வாழ்த்துச் சொன்னேன்.

1995 சட்டத்துக்குப் பதிலாக ஊனமுற்றோர் உரிமைகளுக்கான புதிய சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி அடுத்த ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஸ்க்ரைப் வசதியைச் சொல்கிற இடத்தில் அதில் இன்னொரு வார்த்தையும் இருக்கிறது: அமானுஎன்ஸிஸ். லத்தீன் மூலத்தில் 'கைவேலைக்கான அடிமை' என்கிற மாதிரி அர்த்தம் வரும். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை வாய்மொழியாகவே சொல்லிக்கொண்டு போக, சிஷ்யர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள் என்பது உ.வே.சா. எழுதித் தெரிந்த விஷயம். அங்கே ஒரு சிஷ்யன் சீரை மாற்றியிருந்தால் தொலைந்தான். குருவுக்கு அவர் பாட்டைத் திரும்பப் படித்துக் காட்டி ஏமாற்ற முடியாது, ஏடு அவர் கண்ணெதிரே இருந்தது. மில்டனின் பெண்கள் அர்த்தம் தெரியாத பாஷைகளை உச்சரிக்க மட்டும் கற்றுக்கொண்டு அப்பாவுக்கு வாசித்தார்கள் என்று அவருடைய மருமகன் எட்வர்ட் பிலிப்ஸ் எழுதிவைத்திருக்கிறார். அதைக் கொடுமை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது, அர்த்தம் தெரியாததால் அந்தப் பெண்களால் எதையும் திருத்த முடியாமல் போயிருக்கும் என்று படுகிறது.

2018 ஆகஸ்டில் அரசு நெறிமுறையை மாற்றியது. மாணவரே ஸ்க்ரைப்பை அழைத்துவந்தால், ஸ்க்ரைப்பின் படிப்பு மாணவரின் படிப்புக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும். மாணவர்கள் மோசடி செய்வார்கள் என்கிற சந்தேகத்தில் பிறந்த விதி. அதனால் கீட்ஸைப் பட்டமாக எழுதுகிற பையன்கள்தான் அதிகம் கிடைப்பார்கள் என்று கண்டித்து ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தி வரவில்லை. மறுநாள் மாலை அவர் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த கல்லூரி வாசலில், டீக்கடை பெஞ்சில், சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மத்த பதில்ல?" என்றார்.

"ஒண்ணு ரெண்டு இடத்துல வாக்கியத்தை லேசா சரி பண்ணியிருப்பேன்."

"எந்த இடம்?"

ஞாபகம் இல்லை. உண்மையாகவே இல்லை.

"அப்ப அந்த அறுபத்திரண்டுல என்னோடது எவ்வளவு ஸார்?" குரலில் கோபம் கிடையாது. பாஸ் புத்தகத்தில் பாக்கி எவ்வளவு என்று கேட்கிற தொனி.

மிச்ச பரீட்சைகளை முதல் வருஷ எகனாமிக்ஸ் மாணவி ஒருத்தி எழுதினாள். பெயர்களை எல்லாம் எழுத்து எழுத்தாகச் சொன்னாராம். கொடுத்த கூடுதல் நேரம் அதிலேயே போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில், நாற்பது சதவீத ஊனம் என்ற அளவுகோலை வைத்து ஸ்க்ரைப்பை மறுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோது, அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியிருந்தார். கூட ஒரு வார்த்தையும் இல்லை.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். கணக்கு எங்கள் கிளையில்தான். நானும் இடையில் வேறு கிளைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். போன மாதம் ஒரு கடன் விண்ணப்பத்துக்காக வந்தார். பதினான்கு பக்கம். போனில் படம் எடுத்தால் அது படித்துச் சொல்லிவிடும். ஆனால் எங்கள் ஜெராக்ஸ் கோணல், பாதி வரி கறுப்பு. போன் தடுமாறியது.

"முக்கியமானதை மட்டும் நான் சொல்லிடறேனே" என்றேன்.

"வேண்டாம் ஸார். முதல் பக்கத்திலேருந்து படிங்க."

படித்தேன். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் உரக்கவே முனகினார். ஆறாம் பக்கத்தில் ஒரு அச்சுப்பிழை இருந்தது. அதையும் இருந்தபடியே படித்தேன்.