உடைப்பதற்காக வனைந்த கூஜா

துருக்கியின் கப்படோக்கியாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோரெமேயில் தங்குகிறார்கள். விடியற்காலையில் பலூன் ஏறிப் பாறைக் கூம்புகளை மேலிருந்து பார்க்கிறார்கள். பிற்பகலில் சுற்றுலாப் பேருந்து அவர்களை ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் வடக்கே அவானோஸுக்கு அழைத்து வருகிறது. அங்கே ஒரு பட்டறையில் சக்கரம் சுழல்வதைப் பார்த்து, கண்ணாடிக் குவளையில் ஆப்பிள் தேநீர் குடித்து, பூப்போட்ட தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். பேருந்துகள் போன பிறகு அந்த ஊர் என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. அதனால் ஆற்றங்கரையிலேயே ஒரு விடுதியில் தங்கினேன்.

அந்த ஆற்றின் பெயர் கிஸிலிர்மாக்; செவ்வாறு என்று பொருள். சிவாஸ் மாகாணத்து மலையில் பிறந்து, தென்மேற்காக இறங்கி, அனடோலியாவின் நடுவே பெரிய வளைவு போட்டு, வடக்கே திரும்பி, பாஃப்ராவுக்கு அருகே கருங்கடலில் சேர்கிறது. நீளம் 1,355 கிலோமீட்டர். துருக்கி எல்லைக்குள்ளேயே தொடங்கி முடியும் ஆறுகளில் இதுவே நீளமானது. பண்டைய அனடோலியாவை ஆண்ட ஹிட்டைட்டுகளின் தலைநகரமான ஹட்டூஷா இந்த வளைவின் உள்ளேதான் இருந்தது. கிரேக்கர்கள் ஆற்றை ஹாலிஸ் என்றார்கள். புவியியல் நூல் எழுதிய ஸ்ட்ராபோ இந்தப் பகுதியில் வெனாசா என்னும் ஊரில் ஜீயஸுக்கு ஒரு கோயில் இருந்ததையும், அதில் ஏறத்தாழ 3,000 கோயில் அடிமைகள் இருந்ததையும் சொல்கிறார். அந்த வெனாசாவைத்தான் இன்றைய அவானோஸாகக் கருதுகிறார்கள்.

நான் பார்த்தபோது ஆறு சிவப்பாக இல்லை, கலங்கிய பச்சை. மேலே கைசேரிப் பக்கம் யமுலா அணை வண்டலைத் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. ஆனால் ஊரில் எங்கே தோண்டினாலும் அந்தச் சிவப்பு இருக்கிறது. ஆறு பழைய நாளில் இடம் மாறி மாறி ஓடி விட்டுப்போன இரும்புச் சத்துள்ள களிமண் அது. அவானோஸ் குயவர்களின் முதல் அதுதான். அதோடு சுற்றியுள்ள குன்றுகளின் மண்ணையும் சேர்க்கிறார்கள். ஆற்றுமண் தனியாக இருந்தால் வழவழப்பு அதிகம், காயும்போது சுருங்கி வெடிக்கும். மலைமண் தனியாக இருந்தால் இழுபடாது. எந்த அளவில் கலப்பது என்பதைக் கையால் பிசைந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நான் போன பட்டறையில் அளவுக்கோப்பை எதையும் பார்க்கவில்லை.

அந்தப் பட்டறை பழைய ஊரின் சரிவில், எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து செய்தது. வாசல் தெருவில், உள்ளே போகப் போக அறைக்குள் அறை. இந்தப் பாறை வீட்டின் குளுமை குயவனுக்குப் பெரிய வரம். கோடையில் வெளியே காற்று உலர்ந்து சுடும்போதும் உள்ளே ஈரம் ஒரே சீராக நிற்கும். பச்சைப் பாண்டம் மெதுவாக, எல்லாப் பக்கமும் ஒருசேரக் காயும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து விரிசல் விடும். இதே பாறைக் குகைகளில் பக்கத்து ஊரான ஓர்தாஹிசாரில் எலுமிச்சை, உருளைக்கிழங்கு எல்லாம் மாதக்கணக்கில் சேமிக்கிறார்கள்.

பட்டறைக்காரரை எல்லோரும் உஸ்தா என்கிறார்கள். தொழில் தெரிந்த மூத்தவரை அழைக்கும் முறை அது. நானும் அப்படியே அழைத்தேன். அவரிடம் தொழில் பழகும் இளம்பெண் எங்களுக்கிடையே மொழிபெயர்த்தாள். பல்கலைக்கழகத்தில் பீங்கான் கலை படித்தவள். உஸ்தா சக்கரத்தின் பக்கவாட்டில் பலகையில் உட்கார்ந்து, கீழே இருக்கும் கனத்த மரவட்டை வலக்காலால் உதைத்தார். மேலே சிறிய வட்டு சுழன்றது. மின்சாரச் சக்கரமும் மூலையில் இருக்கிறது. பெரிய வேலை வரும்போது அதில்தான் செய்வாராம். ஆனால் கழுத்து இழுக்கும்போது காலின் வேகம் தன் விருப்பப்படி இருக்க வேண்டும் என்றார். கை எங்கே தயங்குகிறதோ அங்கே காலும் தயங்குகிறது. நான் வெகுநேரம் அவர் கையை விட்டுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முதலில் வனைந்து காட்டியது அவானோஸ் கடைகளில் எல்லாம் தொங்கும் வளையக் கூஜா. நடுவில் பெரிய துளை, சுற்றிலும் குழாய் போன்ற வயிறு, மேலே கழுத்து, கீழே பாதம். ஹிட்டைட்டுகள் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து விருந்தினருக்கு மது ஊற்றினார்கள் என்றும், துளை சூரியனைக் குறிக்கிறது என்றும் ஊரில் சொல்கிறார்கள். அந்தக் கதையைவிட அதைச் செய்யும் விதம் என்னைக் கட்டிப்போட்டது. மண்ணுருண்டையைச் சக்கரத்தில் மையப்படுத்தி, கட்டைவிரலால் நடுவை வட்டுவரை திறந்துவிட்டார். மிஞ்சியது ஒரு தடித்த வளையம். அந்த வளையத்தின் முதுகிலேயே விரலால் ஓர் அகழி வெட்டினார். உள்சுவர், வெளிச்சுவர் என இரண்டு சுவர்கள் எழுந்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் மேலே இழுத்து, ஒன்றை நோக்கி ஒன்றைச் சாய்த்து, விளிம்போடு விளிம்பைச் சேர்த்து மூடினார். உள்ளே அடைபட்ட காற்றுதான் அதன் எலும்பு. அந்த ஈரமண் குழாய் அமுங்காமல் நிற்பது அதனால். கொஞ்சம் இறுகியதும் ஊசியால் ஒரு துளை போட வேண்டும், இல்லையென்றால் மண் சுருங்க, காற்று வழியில்லாமல் வெடிக்கும். பிறகு வளையத்தை நிமிர்த்தி வைத்து, தனியாக வனைந்த கழுத்து, பாதம், கைப்பிடி மூன்றையும் குழைமண் தடவி ஒட்டுகிறார்கள். எல்லாம் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஈரமாகவும் ஒன்று காய்ந்தும் இருந்தால் சூளையில் பிரிந்துவிடும்.

பானை வனையத் தெரியாதவனுக்கு அந்தக் காலத்தில் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று அவானோஸில் சொல்வது வழக்கம். பெண்ணுக்குக் கம்பளம் நெய்யத் தெரிய வேண்டும். உஸ்தாவிடம் கேட்டேன். “என் தாத்தாவுக்கு அது உண்மை. அப்போது ஊரில் வேறு என்ன வேலை இருந்தது? என் மகன் பலூன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது” என்றார். குறையாகச் சொல்லவில்லை. பலூன் சம்பளம் வீட்டுக்கு வருவதால்தான் குளிர்காலத்தில் பட்டறையை மூடாமல் இருக்க முடிகிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் தாத்தா காலத்தில் பட்டறைகள் செய்தவை தண்ணீர்க் கூஜா, ஊறுகாய்ச் சாடி, திராட்சைச்சாற்றைக் காய்ச்சிச் செய்யும் பெக்மெஸ் பாகுக்கான பெருங்கலயம், அடுப்பில் ஏற்றும் சட்டி. கழுதையிலும் வண்டியிலும் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போய்க் கோதுமைக்கு மாற்றிக்கொண்டு வருவார்களாம். பிறகு தகரம் வந்தது, பிளாஸ்டிக் வந்தது, குளிர்பெட்டி வந்தது. தண்ணீர்க் கூஜாவின் காலம் முடிந்தது. அந்த இடைவெளியில் சுற்றுலா வந்ததால் தொழில் பிழைத்தது என்று பயணநூல்கள் எல்லாம் எழுதுகின்றன. அதில் பாதிதான் உண்மை. சுற்றுலாக் கடைகளில் விற்கும் வண்ணத் தட்டுகளில் பல கூத்தாஹ்யா நகரிலிருந்து வருகின்றன. பல அச்சில் வார்த்தவை. அவானோஸ் மண்ணுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. சிவப்பு மண்ணை இன்றும் வண்டி வண்டியாகப் பட்டறைக்கு இழுப்பது சாப்பாடு.

டெஸ்டி கபாப் என்பது இந்தப் பக்கத்து உணவு; பக்கத்து யோஸ்காட் மாகாணமும் அதற்குச் சொந்தம் கொண்டாடுகிறது. குறுகிய கழுத்துள்ள மண்கூஜாவில் ஆட்டிறைச்சி அல்லது மாட்டிறைச்சித் துண்டுகள், வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய், கொஞ்சம் வெண்ணெய் எல்லாம் போட்டு, வாயை மாவால் அடைத்து, தணலில் மணிக்கணக்கில் வைத்துவிடுவார்கள். தண்ணீர் ஊற்றுவதே இல்லை, அல்லது பெயருக்கு. ஆவி கழுத்துவரை ஏறி, குளிர்ந்து, திரும்ப இறைச்சியிலேயே சொட்டும். மேசைக்கு வந்ததும் சிறு சுத்தியலால் கழுத்தைத் தட்டி உடைத்துத் தட்டில் கொட்டுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் உடைப்பதைப் படம் எடுக்கிறார்கள். நான் உடைந்த ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் கொழுப்பும் உப்பும் ஊறிக் கறுத்திருந்தது. மெருகு பூசாத மண் அப்படித்தான் எல்லாவற்றையும் உறிஞ்சும். அந்தக் குறுகிய கழுத்துக்குள் கைவிட்டுத் தேய்க்கவும் முடியாது. ஆகவே அது ஒரே ஒரு சமையலுக்கான பாத்திரம்.

அங்கேதான் இந்த ஊரின் கணக்கு எனக்கு விளங்கியது. சுவரில் மாட்டும் தட்டை ஒருவர் ஆயுளில் ஒரு முறை வாங்குவார். கூஜா ஒவ்வொரு இரவும் உடைகிறது; மறுநாள் இன்னொன்று வேண்டும். பருவம் நன்றாக இருந்தால் உணவகங்களின் வண்டி அடிக்கடி பட்டறை வாசலில் நிற்கும். வளையக் கூஜாவைச் செய்யும்போது உஸ்தாவின் முகத்தில் பெருமை தெரிந்தது. ஆனால் அரிசி வாங்கும் காசு அலங்காரமே இல்லாத அந்த உடைகிற கூஜாவிலிருந்து வருகிறது. ஒரு கைத்தொழில் உயிரோடு இருக்கிறதா என்று அறிய அருங்காட்சியகத்தைப் பார்ப்பதைவிட, அதன் பொருள் யார் வீட்டில் தேய்கிறது, எங்கே உடைகிறது என்று பார்ப்பது மேல் என நினைக்கிறேன். அவானோஸில் பூமிக்கடியில் குடைந்த அழகான மட்பாண்ட அருங்காட்சியகமும் உண்டு. அதைப் பார்த்தேன். அங்கிருந்து வந்த பிறகும் எனக்கு இந்தப் பாண்டங்கள் புழங்கும் அடுக்களைகளே முக்கியமாகத் தோன்றின.

அப்படி ஓர் அடுக்களை, ஆற்றைக் கடக்கும் தொங்குபாலத்துக்கு அருகே இருந்தது. அதை நடத்தும் பெண்மணியை ஊரே அப்லா என்று அழைக்கிறது; நம் ‘அக்கா’. அவர் கபாப் செய்வதில்லை. வெள்ளைப் பயறும் எலும்புக்கறியும் மண்பானையில் போட்டு இரவெல்லாம் தந்தூர்க் குழியில் வைத்து எடுக்கிறார். பயறு உருக்குலையாமல் வெண்ணெயாய் வெந்திருந்தது. பானையின் வாயில் மூடிய தட்டைத் திறக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் ரொட்டியோடு வந்து நின்றார். அப்லாவின் பானைகள் உடைவதில்லை. வருடக்கணக்கில் புகை ஏறிக் கறுத்தவை. புதிய பானை வாங்கினால் முதலில் பாலை ஊற்றிக் காய்ச்சி, துளைகளை அடைத்துப் பழக்கிய பிறகுதான் சமைப்பாராம்.

சோம்லெக் பாலாடைக்கட்டியையும் அவர்தான் காட்டினார். உப்பிட்ட பாலாடைக்கட்டியை மண்பானையில் காற்றுப் புகாமல் அமுக்கி, வாயைத் திராட்சை இலையும் துணியும் வைத்து மூடி, பானையைத் தலைகீழாக எரிமலை மணலுக்குள் புதைத்துவிடுவார்கள். கோடையில் புதைத்தால் குளிர்காலத்தில் எடுக்கலாம். மிச்சமுள்ள நீர் துணி வழியாகவும் மண்சுவர் வழியாகவும் கசிந்து வெளியேறும். பிளாஸ்டிக் வாளியில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு, கட்டி அழுகிப்போனது என்றார். உறிஞ்சும் குணம் கூஜாவை ஒருநாள் பாத்திரம் ஆக்குகிறது. பாலாடைக்கட்டிக்கு அதே குணம்தான் வேண்டியிருக்கிறது.

மறுபடி பட்டறைக்குப் போனபோது சூளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன்பு விறகும் வைக்கோலும் போட்டு எரித்த சூளை இடிந்து கிடக்கிறது, இப்போது மின்சூளை. சிவப்பு மண்ணுக்கு 900 டிகிரியை ஒட்டிய சூடு போதும். வேகத்தை மட்டும் அடக்கிவைக்க வேண்டும். மண்ணில் ஒளிந்திருக்கும் ஈரம் முதல் சில மணி நேரத்தில் அவசரப்பட்டு வெளியேறினால் பாண்டம் சிதறிவிடும். உள்ளறையில் இரண்டு பெண்கள் வெள்ளைத் தட்டுகளில் சித்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊசிமுனையால் துளையிட்ட காகிதத்தின் மேல் கரித்தூள் பையைத் தட்ட, தட்டில் புள்ளிகளாய் ஒரு துலிப் விழுந்தது. புள்ளிகளைத் தூரிகையால் சேர்த்து, பிறகு நிறம். இது இஸ்னிக், கூத்தாஹ்யா நகரங்களின் வழி. யுனெஸ்கோ 2016இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த துருக்கியின் சினி ஓட்டுக்கலை இதுதான். ஒரு தட்டுக்கு நாட்கணக்காகும் கண்வேலை அது. அதைக் கடையில் பேரம் பேசிக் குறைக்கிறவர்கள் இந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கு மொழிபெயர்த்த பெண் அன்று சக்கரத்தில் இருந்தாள். ஒரு தலைமுறைக்கு முன்பு அவானோஸில் பெண் சக்கரத்தில் உட்காருவது அபூர்வம். அவளுக்கு நெசவுத்தறிதான் வைத்திருப்பார்கள். உஸ்தாவின் மகன் எடுக்காத இடத்தை அவள் கேட்டு வாங்கியிருக்கிறாள். கபாப் கூஜாக்களைத்தான் அவளுக்குப் பழகக் கொடுத்திருந்தார்கள். உடையப்போகும் பொருள்தானே, பழகுகிறவள் கைக்குப் போதும் என்று நினைத்தேன். உஸ்தா வரிசையாக நின்ற பச்சைக் கூஜாக்களின் கழுத்தை இரண்டு விரலால் வருடிக்கொண்டே வந்து, மூன்றைத் தூக்கி மறுபடி மண்தொட்டியில் போட்டார். கழுத்து தடித்துவிட்டதாம். அது தணலைத் தாங்கும், ஆனால் சுத்தியலுக்குக் கோணலாகச் சிதறி, ஓட்டுச் சில்லு கறியில் விழும். தோளில் கனமும் கழுத்தில் மெல்லிசும் இருந்தால்தான் ஒரே தட்டில் வட்டமாகக் கழன்று வரும். அவள் மறுபேச்சுப் பேசாமல் தொட்டியிலிருந்து மண்ணை அள்ளிப் பிசைந்தாள். உணவக வண்டி மறுநாள் காலை வருவதாக இருந்தது. அடுத்த சூளைக்கான எண்ணிக்கை இன்னும் சேரவில்லை. உஸ்தா அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, மீதிக் கழுத்துகளையும் அவளையே இழுக்கச் சொன்னார்.